இருபத்தொன்பது கீறல்

இப்போதெல்லாம் கேள்வி கேட்கிறவன் பதிலையும் பையில் போட்டுக்கொண்டுதான் வருகிறான். நாம் வாயைத் திறந்ததும் பையைத் திறந்து ஒத்துப்பார்க்கிறான். ஒத்துப்போனால் நாம் அனுபவசாலி. ஒத்துப்போகாவிட்டால் படிக்காத முட்டாள்.

நான் நாற்பத்தாறு வருஷம் கறி வெட்டினவன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. என் மகள் நிறையப் படித்து, பழம்பொருள் காட்சிசாலையில் வேலை பார்க்கிறாள். நிரந்தர வேலை இல்லை. அந்த வேலைக்கு மனுப் போட்டபோது, அப்பாவின் தொழில் என்ற இடத்தில் 'வியாபாரம்' என்று எழுதியவள் அவள். என்ன வியாபாரம் என்று எழுதவில்லை. அப்படிப்பட்டவள் போன வாரம் வீட்டுக்கு வந்து, உட்காராமலே பேசினாள்.

"அப்பா, வியாழக்கிழமை நீங்க எங்க ஆபீசுக்கு வரணும். ஒரு எலும்பப் பாக்கணும்."

"என்ன எலும்பு?"

"மான் கால் எலும்பு. குகையில தோண்டினப்ப கெடச்சது. இருபதாயிரம் வருஷப் பழசு."

"கறி ஏதாச்சும் மிச்சம் இருக்கா?"

அவள் சிரிக்கவில்லை. நானும் வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். அந்த எலும்பில் வரிசையாக இருபத்தொன்பது கீறல்கள். அந்தக் காலத்து மனுஷன் நிலா வளர்வதையும் தேய்வதையும் பார்த்து, நாளைக்கு ஒன்றாகக் கீறி மாதத்தை எண்ணினான் என்கிறாள் மகள். அவளுக்கு மேலே இருக்கிற குழுத் தலைவரோ, "இது கல்லுக்கத்தியால் கறியை வழித்த தடம். எந்தக் கறிக்கடைக்காரனைக் கேட்டாலும் சொல்வான்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். இவளும் ரோஷத்தில், "எங்கப்பாவே கறிக்கடைக்காரர்தான், கூட்டிட்டு வரேன்" என்றுவிட்டாள். வியாழக்கிழமை முடிவு. நிலா என்றால் எலும்பு கண்ணாடிப் பெட்டிக்குப் போகும், இவள் வேலை நிரந்தரமாகும். கறி என்றால் எலும்பு கிடங்குக்கு, இவள் வீட்டுக்கு.

"இத்தன வருஷம் கழிச்சு இப்பத்தான் நான் கறிக்கடக்காரனாத் தெரியறேனா?"

"அதெல்லாம் இப்ப வேண்டாம்ப்பா. நிலாதான்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்."

"பாக்காமயே சொல்லணுமா?"

"பாத்துட்டுச் சொல்லுங்க. ஆனா சொல்லுங்க."

இதைத்தான் பை என்றேன்.

வியாழக்கிழமை போனேன். ஜன்னல் திறக்காத அறை. நீள மேசையின் ஒரு பக்கம் தலைவர், பக்கத்தில் குறிப்பெழுத ஓர் அம்மாள், எதிரே மகள். நடுவில் பஞ்சு மெத்தையில், ஏதோ பச்சைக் குழந்தை மாதிரி, அந்த எலும்பு. கையுறை போட்டால்தான் தொடலாமாம். நாற்பத்தாறு வருஷத்தில் எலும்பைத் தொட நான் கையுறை போட்டது அன்றைக்குத்தான்.

"நல்லாப் பாருங்க பெரியவரே," என்றார் தலைவர். "கடைசி ஒண்ணு கீறலே இல்ல, வெடிப்பு. ஆக இருபத்தெட்டு."

"இருபத்தெட்டுன்னாலும் சரிதான் சார்," என்றாள் மகள். "நிலா கண்ணுக்குத் தெரியாத நாளக் கழிச்சிருப்பாங்க."

"முப்பதா இருந்தா?" என்று கேட்டேன்.

"அதுவும் சரிதான்ப்பா. சில மாசம் முப்பது வரும்."

"எந்தக் கல்லப் போட்டாலும் நேரா நிக்கிற தராச என் கடையில வச்சிருந்தா, ஜனங்க என்னக் கட்டிவச்சு ஒதச்சிருப்பாங்க."

தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். மகள் முகம் செத்துப்போனது. அவர் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"நீங்க சிரிக்காதீங்க. இது கறி வெட்டின தடமும் இல்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

"இது முழங்காலுக்குக் கீழ இருக்கிற எலும்பு. இங்க கறி ஏது? தோலும் நரம்புந்தான். தோல உரிக்கிறவன் மூட்டுப் பக்கம் சுத்திக் கீறுவான். நட்ட நடுவுல, ஒரே ஓரத்துல, அளவெடுத்த மாதிரி எவன் கீறுவான்? அப்படி வெட்டறவன ஒரு நாள்கூட கடையில வச்சிருக்க மாட்டேன்."

"அப்ப வேலவெட்டி இல்லாதவன் எவனோ உக்காந்து கீறியிருக்கான்," என்றார் தலைவர்.

பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். பார்த்ததைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் கத்தி விஷயத்தில் எனக்கு வாய் நிற்காது.

"ஒரே கத்தி இல்ல இது. மொத ஒம்பதுலயும் உள்ளுக்குள்ள ஒரு மயிர்க்கோடு ஓடுது. வாயில ஒரு பல்லு போன கத்தி. அடுத்த ஆறும் மொட்டக் கத்தி. அப்புறம் மெலிசா வேற ஒண்ணு."

மகள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "பாத்தீங்களா சார்? ஒரே மூச்சுல கீறல. வேற வேற நாள்!"

"வேற வேற கத்தின்னுதான் சொன்னேன். என் கடையில அஞ்சு கத்தி. ஒரே நாள்ல அஞ்சையும் எடுப்பேன்."

"எடுத்து, ஒரே நாள்லயாப்பா கட்டையில கோடு போட்டீங்க?"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அதற்குள் அவள் அவர்கள் பக்கம் திரும்பிவிட்டாள்.

"எங்கம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப, அப்பா தினம் காலையில கடை தொறந்ததும் கறி வெட்டற கட்டையோட ஓரத்துல ஒரு கோடு போடுவார் சார். கையில எந்தக் கத்தி இருக்கோ, அதால. அச்சு அசல் இதே மாதிரி."

அதை அவள் பார்த்தது எனக்குத் தெரியாது. யாருக்கும் சொல்லாத ஒன்றை எடுத்து, கண்டவர்கள் மேசையில் போட்டாள்.

"எத்தன கோடு?" என்று கேட்டார் குறிப்பெழுதும் அம்மாள்.

"முப்பத்து நாலு," என்றேன். "முப்பத்தஞ்சாவது நாள் கடை தொறக்கல."

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"சரி, நாளத்தான் எண்ணினான்னு வச்சுக்குவோம்," என்றேன். "நான் எண்ணினப்ப ஒரு தடவகூட வானத்த அண்ணாந்து பாக்கல. இவனும் எவளோ பொழச்சு வருவாளான்னு எண்ணியிருப்பான். இல்ல, கால் புண்ணு ஆறுதான்னு எண்ணியிருப்பான். நிலான்னு இதுல எங்க எழுதியிருக்கு?"

"அதத்தான் நானும் சொல்..." என்று ஆரம்பித்தார் தலைவர்.

"நீங்க கறின்னீங்க. அது பொய்."

கையெழுத்துக் கேட்டார்கள். மகள் ஒரு தாளை நீட்டினாள். நிலவை எண்ணிய எலும்பு என்று என் அனுபவத்தில் உறுதி கூறுகிறேனாம். தலைவரும் ஒரு தாள் வைத்திருந்தார். கறி வெட்டிய தடம் என்று உறுதி கூறுகிறேனாம். நான் வீட்டை விட்டுக் கிளம்புமுன்பே இரண்டும் தட்டச்சாகித் தயாராக இருந்திருக்கின்றன. இரண்டையும் தள்ளிவிட்டு, அந்த அம்மாளையே எழுதச் சொன்னேன். கறி வெட்டியது இல்லை. கத்தி மாறியிருக்கிறது. நாள் எண்ணியிருக்கலாம். நிலாவா என்று எனக்குத் தெரியாது.

"தொழில்னு என்ன போடட்டும்?"

மகளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "கறி வெட்டறவன். அப்படியே போடுங்க."

என்னை வெளியே உட்காரவைத்து அரைமணி நேரம் பேசினார்கள். எலும்பு கண்ணாடிப் பெட்டிக்குப் போகிறது. 'நாள் எண்ணியதாக இருக்கலாம்' என்று அட்டை வைப்பார்கள். நிலாவை அடித்துவிட்டார்கள். மகளுக்கு இன்னும் ஆறு மாதம் வேலை. நிரந்தரம் இல்லை.

நடைக்கூடத்தில் பிடித்துக்கொண்டாள். "ஒரே ஒரு வார்த்தப்பா. அதச் சொல்லியிருந்தா நிரந்தரமாயிருக்கும்."

"கட்டைய ஏன் இழுத்த?"

"நடந்ததத்தானே சொன்னேன்?"

"நானும் பாத்ததத்தான் சொன்னேன்."

"அப்ப இருபத்தொம்பது சும்மா வந்துச்சா?"

"முப்பத்து நாலு சும்மாவா வந்துச்சு?"

அவள் திரும்பி அறைக்குள் போனாள். பையில் அதற்குப் பதில் இல்லைபோலும்.

வாசலுக்குப் போகிற வழியில் அந்தக் கண்ணாடிப் பெட்டி இருந்தது. இன்னும் காலி. பின்பலகையில் மட்டும் பிறையிலிருந்து முழுசு வரைக்கும் வரிசையாக நிலா வரைந்து வைத்திருந்தார்கள். பெயிண்ட் நன்றாகக் காய்ந்திருந்தது; என்னைக் கேட்பதற்கு எத்தனையோ நாள் முன்பே வரைந்தது. ஓர் ஆள் அதன்மேல் வெள்ளை அடிக்கத் தூரிகையோடு வந்துகொண்டிருந்தான். அவன் வரட்டும் என்று வழியை விட்டு, படியிறங்கி நடந்தேன். நிலாவாம்.