சத்தமில்லாத முதல் பாடம்

கணினிக்குக் காவலாக வைத்திருந்த பச்சைப் பொட்டலத்தை ரோங்-குன் பிரித்துத் தின்றுவிட்டான்.

தெரியாமல் செய்துவிட்டான் என்று சொல்லவும் வழியில்லை. சியாயி நகரத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும்: இயந்திரம் மக்கர் பண்ணாமல் இருக்க வேண்டுமானால் அதன் தலைமேல் தேங்காய் வாசனைச் சோளப்பொரி வைக்க வேண்டும். பொட்டலம் பச்சையாக இருக்க வேண்டும், தேதி தாண்டியிருக்கக் கூடாது, வேலை முடியும்வரை யாரும் அதைத் தொடக் கூடாது. ரோங்-குன் எல்லாவற்றையும் முறைப்படிதான் செய்தான். பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் பார்த்தான், ஊரைக் காக்கும் மண்சாமிக்கு ஆரஞ்சுப் பழம் படைத்தான், ஊதுபத்தி கொளுத்தினான். நல்ல நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பசி வந்துவிட்டது. காலைச் சிற்றுண்டிக் கடை முதலாளிக்குப் பசிக்கக் கூடாது என்று சட்டமா இருக்கிறது?

"பாதிதான் சாப்பிட்டேன்" என்றான் மனைவியிடம்.

"அப்ப மெஷினும் பாதிதான் வேலை செய்யும்" என்றாள் பெய்-ஷான்.

அப்படியே நடந்தது. பார்ப்பவர்களுக்குப் படம் போய்ச் சேர்ந்தது, சத்தம் போய்ச் சேரவில்லை.

முட்டைச் சுருள் போடுவது எப்படி என்று இணையத்தில் பாடம் நடத்துவது அவனுடைய நெடுநாள் கனவு. முதல் பாடம் இலவசம், நேரலை. அதைப் பார்த்துவிட்டு நூறு பேர் முன்பதிவு செய்தால்தான் மற்ற பாடங்கள் உண்டு. செய்யாவிட்டால் கடையைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். பாடத்தில் பேச்சு அவனுடையது, கை பெய்-ஷானுடையது. அவனுக்குப் பேசும்போது கையும் சேர்ந்து பேசும். மாவு கூரைக்குப் போய்விடும். அதனால் காமிரா அவள் கையை மட்டும் பார்த்தது. அவன் பக்கத்தில் நின்று, மாதக்கணக்கில் எழுதித் திருத்திய பேச்சை, சிரிக்க வேண்டிய இடங்களில் தானே முதலில் சிரித்து, பேசி முடித்தான். தன் முகம் காமிராவில் விழவே விழாது என்று தெரிந்தும், அழகாகத் தெரிய வேண்டும் என்று கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தான். பார்ப்பவர்கள் எழுதியது எதுவும் அவன் கண்ணில் படவில்லை.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தபோது முதல் வரியே "முதலாளி, சத்தம் வரல" என்றிருந்தது. அதற்குக் கீழே வேறு மாதிரி. "மழை பெய்யறதப் பாக்குற மாதிரி இருக்கு." "யாரு கை அது?" "அந்தக் கை சிரிக்குதுப்பா!"

மறுநாள் மதியத்துக்குள் முன்பதிவு நூறைத் தாண்டிவிட்டது. ரோங்-குன் கடை நடுவில் நின்று கரண்டியைத் தூக்கிக் குதித்தான். வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். அந்தச் சந்தோஷத்தில் மண் போடுவதற்கென்றே பாடங்களை இணையத்தில் விற்கும் நிறுவனத்துப் பெண் போன் செய்தாள்.

"அடுத்த பாடத்துக்குச் சத்தம் வேணுமா, வேண்டாமா சார்? நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்க."

ரோங்-குன் ஊரைக் கேட்டான். டாக்ஸி ஓட்டும் யான் சோயாப்பாலை உறிஞ்சிக்கொண்டே, "நீங்க எது செஞ்சாலும் சரியாத்தான் இருக்கும் முதலாளி. மிளகாய்ச் சாந்து இன்னும் கொஞ்சம்" என்றார். எதிர்த் துணிக்கடை லூ அம்மா, பாடத்தைப் பார்த்துத் தானே போட்ட சுருளைப் போனில் காட்டினாள்.

"பாருங்க, ஒரு இடத்துலயாவது கிழிஞ்சிருக்கா?"

"என் பேச்சும் இருந்திருந்தா இன்னும் நல்லா வந்திருக்கும், இல்லையா?"

லூ அம்மா கொஞ்சம் யோசித்தாள். "பேச்சு இருந்தா... ரொம்ப விசேஷமா இருக்கும்."

ரோங்-குன் அதற்குமேல் அவளைக் கேட்கவில்லை. அந்த ஊரில், இனி வாழ்நாளில் வாங்கித் தின்னப் போவதில்லை என்கிற பண்டத்தைத்தான் விசேஷம் என்பார்கள்.

மனைவியைக் கேட்டான். "முட்டை கருகுது" என்றாள். மறுபடி கேட்டான். "அந்தத் தட்டை எடு" என்றாள். மூன்றாம் முறை கேட்டபோது முட்டையும் கருகவில்லை, தட்டும் இல்லை. ஆனாலும் அவளுக்குத் துடைக்க ஒரு மேசை கிடைத்தது.

அடுத்த நாள் காலை அவன் வாயையே திறக்கவில்லை. வழக்கமாக வருகிறவர்களின் முடிவெட்டையும் மாமியாரையும் வைத்து அவன் அடிக்கும் கிண்டல் எதுவும் இல்லை. சில்லறையைக் கொடுத்தான், தலையை ஆட்டினான். யான் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். பெய்-ஷான் சோயாப்பால் கேட்டவருக்குக் கடலைப்பால் ஊற்றினாள். முள்ளங்கிப் பணியாரத்தை ஒரே பக்கம் இரண்டு முறை வேகவைத்தாள். ஒரு சுருள் கிழிந்தது. இத்தனை வருஷத்தில் அவள் கையில் சுருள் கிழிந்து அவன் பார்த்ததில்லை.

அவள் கரண்டியைக் கல்மேல் போட்டாள். "உனக்கு என்னதான்யா ஆச்சு?"

"நேரா ஒரு பதில் சொல்லு. பாடத்துல என் பேச்சு வேணுமா, வேண்டாமா?"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திடீரென்று சுவரில் இருந்த விலைப்பலகையைப் படிக்க ஆரம்பித்தார்கள். பெய்-ஷான் அடுப்பைத் தணித்தாள்.

"வேண்டாம்" என்றாள். "பாடத்துக்கு வேண்டாம். அவங்க கையைப் பாத்தே கத்துக்கறாங்க."

அவன் தலையை ஆட்டினான்.

"இரு, இன்னும் முடிக்கல. அன்னைக்கு உன் சட்டையில மாட்டின மைக்குல விளக்கு எரியல. நான் அப்பவே பாத்தேன்."

"பாத்தியா! ஏன்டி சொல்லல? நான் பாவம் அந்தச் சோளப்பொரியைத் திட்டிக்கிட்டு இருக்கேன்."

"நீ அவ்வளவு சந்தோஷமாப் பேசிக்கிட்டிருந்த. நடுவுல நிறுத்த மனசு வரல. பாடத்துக்கு நடுவுல நீ அடிச்ச மாமியார் கதைக்கு எனக்குச் சிரிப்பு தாங்கல. கை சிரிக்குதுன்னு எவனோ எழுதினானே, அது உன்னாலதான்யா. நீ பேசாம நின்னா எனக்கு கேஸ் தீந்துபோன மாதிரி இருக்கு. கை ஓட மாட்டேங்குது." அவள் புது மாவை எடுத்துக் கல்லில் ஊற்றினாள். "அதனால, ஒவ்வொரு பாடத்துக்கும் நீ என் பக்கத்துல நின்னு முழுசாப் பேசணும். எனக்கு. மைக்கை மட்டும் போடாத."