நேர் விமானம் கிடையாது

அப்பாவின் தலைக்கடியில் இருந்த இரண்டாவது தலையணையை அவள் மெல்ல உருவிக்கொண்டிருந்தபோது, லிஃப்ட் கதவு திறந்து தம்பி வந்தான்.

மணி மதியம் இரண்டு. அப்பா போய்விட்டார் என்று காலை எட்டு மணிக்குத்தான் அவனுக்குப் போன் செய்து சொல்லியிருந்தாள். அவனுக்கு வெளிநாட்டில் வேலை. அந்த ஊர் இங்கிருந்து பதின்மூன்றாயிரம் கிலோமீட்டர். நேர் விமானம் கிடையாது. நடுவில் இறங்கி மாற வேண்டும். என்ன தலைகீழாக நின்றாலும் இருபது மணி நேரத்துக்குக் குறையாது. இதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விமான டிக்கெட் போட்டுக்கொடுக்கும் ஆபீஸில்தான் அவளுக்கு வேலை. ஆறு மணி நேரத்தில் வந்து நிற்கிறானே, அது எப்படி?

அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் நேரே கூடத்துக்குள் வந்து, அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அழுகையில் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சட்டையில் ஒரு கசங்கல் இல்லை. காலில் ரப்பர் செருப்பு. ரப்பர் செருப்போடு ஒருத்தன் பாதி உலகத்தைத் தாண்டி வந்திருக்கிறானாம்!

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெரியப்பாவும் விரல்விட்டு எண்ணத் தொடங்கியிருந்தார். பையன் வர நாளைக்கு ஆகும், நாளைக்குத்தான் எடுக்க வேண்டும் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தவர் அவர். சும்மா விடுகிற மனுஷர் இல்லை.

டீ போடுகிற சாக்கில் தம்பியைச் சமையலறைக்கு அழைத்துப் போனாள்.

"எங்கடா இருந்த?"

"கனெக்‌ஷன் சீக்கிரம் கிடைச்சுதுக்கா."

"யார்கிட்ட சொல்ற?"

அவன் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். வேலை போய் நாலு மாதமாம். இதே ஊரில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு அறையாம். ஒரு கிடங்கில் மூட்டை ஏற்றுகிறானாம். எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவது என்று இருந்துவிட்டானாம். அப்பாவைப் புரட்டவும் குளிப்பாட்டவும் ஒற்றை ஆளாக அவள் முதுகு ஒடிந்த நாலு மாதம். பஸ்ஸில் அரைமணி நேரத் தூரத்தில் இவன் இருந்திருக்கிறான்.

"பாவி. நான் செத்துப் பிழைச்சேன்டா."

அவள் டீத்தண்ணீரை அடுப்பில் ஏற்றினாள்.

"இவ்வளவு நாள் மறைச்சவனுக்கு, நாளைக்கு வரணும்னுகூடவா தோணல?"

"தோணிச்சு. நாளைக்குப் போனா யாருக்கும் தெரியாதுன்னு ரூம்லயே உக்காந்திருந்தேன். முடியலக்கா. எழுந்து வந்துட்டேன்."

சமையலறை வாசலில் பெரியப்பா நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"காலைலதானேம்மா அவனுக்குச் சொன்ன? அதுக்குள்ள எப்படி வந்தான்?"

ஒரு வார்த்தை போதும், இவன் மானம் கப்பலேறிவிடும். ஏறட்டும் என்றுதான் அவளுக்கு இருந்தது. வாய்வரை வந்துவிட்டது.

"அப்பாவுக்கு ரொம்ப முடியலன்னு நேத்தே கிளம்பச் சொல்லிட்டேன், பெரியப்பா. கலக்கத்துல உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன்."

பெரியப்பா இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். நம்பியதாகத் தெரியவில்லை. அவ்வளவு தூரம் வந்தவனைக் கொஞ்சம் படுக்கச் சொல் என்று மட்டும் சொன்னார்.

"வேண்டாம். அவன் அப்பாகிட்ட இருக்கட்டும். நான் படுக்கறேன்."

உள்ளறைக்குப் போய், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். கூடத்தில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. அவள் எழுந்து பார்க்கவில்லை.