விட்டுப்போன ஏழு கேள்விக்குறிகள்

ராஷித்துக்கு நான் எழுதிக் கொடுத்த தாளில் தப்பு இருக்கிறது என்று தெரிந்தபோது மணி நாலே முக்கால். ஆறரைக்கு அவனுக்கு ஆன்லைனில் இன்டர்வியூ.

பூந்தமல்லி மாலை வகுப்பில் நாங்கள் இருவரும் ஆங்கிலம் படிக்கிறோம். இன்டர்வியூ, ஆங்கிலம் கற்றுத்தரும் ஒரு ஆப்புக்குக் கேள்வி தயாரிக்கும் வேலைக்கு. கிடைக்காவிட்டால் திங்கள் முதல் மாமாவின் பட்டறைதான் என்று அவன் வீட்டில் சொல்லிவிட்டார்கள். விளையாட்டுகளிலிருந்து வந்த நாற்பது ஆங்கில மரபுத்தொடர்களை நான்தான் அவனுக்குப் படியெடுத்துக் கொடுத்தேன். மனப்பாடமே செய்துவிட்டான்.

'த்ரோ இன் தி டவல்' என்றால் தோல்வியை ஒப்புக்கொள்வது. அது கிரிக்கெட்டிலிருந்து வந்தது என்று எழுதியிருந்தேன். பனியில் நனைந்த பந்தைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போன பவுலர் துண்டை வீசியிருப்பார் என்று காரணமும் நானே யோசித்தேன். அன்று அம்பத்தூரில் என் ஆபீசில் டீ நேரத்தில் அகராதியைப் பார்த்தால் குத்துச்சண்டை. அடி தாங்காத வீரருக்காக அவர் பக்கத்து ஆள் துண்டை உள்ளே வீசுவாராம்.

என் நோட்டில் அதற்குப் பக்கத்தில் கேள்விக்குறி இருந்தது. சந்தேகம் வந்தால் போடுவேன். படியெடுக்கும்போது அசிங்கமாகத் தெரிந்ததால் நோட்டில் இருந்த ஏழு குறிகளையும் விட்டுவிட்டேன்.

அவன் போன் அணைந்திருந்தது. பர்மிஷன் போட்டு, அவன் இன்டர்வியூவுக்கு உட்காரும் எங்கள் வகுப்புக்கு பஸ் ஏறினேன். மெட்ரோ வேலை நடக்கும் இடத்தில் பஸ் இருபது நிமிடம் நின்றது. இந்த நேரத்தில் போய்ச் சொல்லி அவனைப் பதற வைப்பதைவிட, பேசாமல் இறங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

வகுப்புக்குள் நுழைந்தபோது ஆறு இருபத்திரண்டு. இஸ்திரி போட்ட சட்டையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தான். டவல் தப்பு, ஏழு குறி விட்டது எல்லாவற்றையும் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன்.

"இன்னா கனி, இப்ப வந்து சொல்ற?" என்றான். பிறகு பேனாவை நீட்டினான். "ஏழையும் போடு."

டவல் வரியில் கிரிக்கெட்டை அடித்துவிட்டு குத்துச்சண்டை என்று திருத்தினேன். நோட்டைப் பார்த்து மற்ற ஆறுக்கும் குறி போட்டேன்.

வெளியே படியில் உட்கார்ந்து இன்டர்வியூவைக் கவனித்தேன். டவலைப் பற்றி அவர்கள் கேட்கவேயில்லை. 'பாஸ் தி பக்' வந்தது. பொறுப்பை அடுத்தவர் தலையில் தள்ளுவது. குறி போட்ட ஆறில் ஒன்று.

"சீட்டாட்டம்னு நினைக்கிறேன். உறுதியா தெரியாது, பார்த்துதான் சொல்லணும்," என்று ஆங்கிலத்தில் சொன்னான். பிறகு மெயில் அனுப்புவதாகச் சொல்லி முடித்துக்கொண்டார்கள். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்று வியாழன். இரண்டாவது சுற்றுக்கு அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். என் நோட்டு வேண்டும் என்றான். அழகாக எழுதித் தருகிறேன் என்றேன்.

"அழகால்லாம் வேணாம்மா. கிறுக்கனதையே குடு."