தன்னி என்ற சாமி

கொட்டாம்பட்டி பேச்சிமுத்து வீட்டில் ஆடி அமாவாசைக்குச் செத்தவர்கள் எல்லோருக்கும் இலை போடுவார்கள். அவருடைய தாத்தா நல்லகாமனுக்கு மட்டும் கிடையாது. பெண்டாட்டி பிள்ளையை விட்டு மலேயாத் தோட்ட வேலைக்குப் போனவர், அங்கே எவளோடோ ரயிலேறிப் போய்விட்டார். ஓடிப்போனவனுக்கு என்ன படையல்?

அதைச் சொன்னது அழகுமலை. ஜப்பான்காரன் சண்டை முடிந்து அந்தத் தோட்டத்திலிருந்து திரும்பியவன் அவன் ஒருவன்தான். "நல்லகாமன் ரயிலுக்குப் போயிட்டான்," என்றான். அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. மிச்சத்தை ஊரே கட்டிக்கொண்டது. ஓடிப்போனவனைத் தண்ணி தெளித்து விட்டாயிற்று என்று எல்லோரும் வாயால் சொல்வார்கள். இந்த வீட்டு ரோஷக்காரர்கள் ஊர் எல்லைக்கே போய், கிழக்கே பார்த்து ஒரு கை தண்ணீரை நிஜமாகவே தெளித்துவிட்டு வந்தார்கள்.

பேச்சிமுத்துவின் மகள் பாண்டிமீனா கே.கே. நகரில் இருக்கிறாள். ஜப்பானிய மொழிபெயர்ப்பு அவள் வேலை. மூன்று மாதமாக ஒரு ஜப்பானியக் காலாட்படை டிவிஷனின் வரலாற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். உயிர் தப்பியவர்கள் கிழவர்களான பிறகு தொகுத்தது. எந்த ஆற்றில் எந்தக் குதிரை போனது என்றுகூடப் பெயரோடு எழுதியிருந்த புண்ணியவான்கள், கூலிகளைக் கூலிகள் என்று மட்டும் எழுதி முடித்துவிட்டார்கள்.

அன்று வந்த பக்கத்தில், 1943 மழைக்காலத்தில், டிவிஷன் சயாமிலிருந்து பர்மாவுக்கு நடக்கிறது. ரயில்பாதை போடும் கூலிகளின் கொட்டகை ஒன்று வழியில் வருகிறது. உள்ளே காலரா. 'மலேயாவிலிருந்து கொண்டுவந்த இந்தியர்கள். கிடந்தபடியே கையை நீட்டி, தன்னி, தன்னி என்றார்கள். தொழுகிறார்கள் என்று நாங்களும் தொப்பியைக் கழற்றித் தலைகுனிந்து நின்றோம். பிறகு நடந்தோம்.' கீழே அடிக்குறிப்பு: 'தன்னி: இந்தியர்களின் தெய்வம்.'

பாண்டிமீனா அந்தத் தெய்வத்தை அரைமணி நேரம் இணையத்தில் தேடினாள். படித்தவளுக்கு வந்த மோசத்தைப் பாருங்கள்.

கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த பேச்சிமுத்து வெயிலில் வந்து செருப்பைக் கழற்றினார். மறுநாள் அமாவாசை, ஊருக்குப் போகும் அவசரம் அவருக்கு.

"தாயி, தண்ணி குடு. நாக்கு ஒட்டுது."

ஜப்பானிய எழுத்தில் 'ண' கிடையாது. பாண்டிமீனா பக்கத்தை மறுபடி பார்த்தாள். நாலு வரி மேலே, அன்று காலைதான் எல்லோரும் கொதித்த நீரைக் குப்பிகளில் நிரப்பிக்கொண்டதாக எழுதியிருந்தது.

அப்பாவுக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு, அந்தப் பக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினாள்.

"என்ன ரயிலு அது?" என்றார் பேச்சிமுத்து, குடித்த வாயைத் துடைக்காமல்.

"சயாம் ரயிலுப்பா. தோட்டத்து ஆளுகள அள்ளிக்கிட்டுப் போயிருக்காங்க. அம்புட்டுப் பேரு செத்துருக்காக. 'ரயிலுக்குப் போனான்'னா, அந்த வேலைக்குப் போனான்னு அர்த்தம்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அழகுமலை சொன்ன சொல் இத்தனை வருஷம் வீட்டிலேயேதான் கிடந்திருக்கிறது. ஒருவருக்கும் அதைத் திருப்பிக் கேட்கத் தோன்றவில்லை.

"பூட்டனும் அந்தக் கொட்டகையில கெடந்தாகளான்னு தெரியாதுப்பா. பேரு ஒண்ணும் எழுதலை."

"எந்தக் கொட்டகையில கெடந்தா என்ன தாயி. நாளைக்கு ஒரு இலை கூடப் போடணும்."

பிறகு கேட்டார்: "அந்தச் சப்பான்காரங்க தண்ணி குடுத்தாங்களா?"

குடுத்தாங்க என்று சொல்லிவிடலாம். அப்பாவுக்கு ஜப்பானிய மொழி தெரியவா போகிறது? ஆனால் இந்த வீட்டில் ஒரு சொல்லைத் தப்பாக எடுத்துக்கொண்டு பட்ட பாவம் போதும் என்றிருந்தது அவளுக்கு.

"இல்லப்பா."

செம்பில் பாதி மிச்சமிருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

"நம்ம ஆளுக குடுத்தாக தாயி," என்றார். "எல்லையில நின்னு, ஒரு கை."