டேங்கில் தண்ணீர்

'டப்'பென்று வெடித்தது வண்டி. வாய்க்கால் ஓரத்துப் புளியமரத்தில் உட்கார்ந்திருந்த கொக்குகள் மொத்தமாகக் கிளம்பிப் பறந்தன. என்ஜின் இரண்டு தடவை திக்கியது. மூன்றாவது தடவை திக்கக்கூட இல்லை, நின்றுபோனது.

சரவணமுத்து உடனே இறங்கிக் கிக்கரை உதைக்கவில்லை. உதைக்க முடியாது. அவருடைய இடுப்பையும், பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி மஞ்சுளாவின் இடுப்பையும் சேர்த்து ஒரு துண்டால் கட்டியிருந்தது. சுவரைப் பிடித்து வாசல் வரை நடப்பாள்; ஓடும் வண்டியில் கையால் பிடித்துக்கொண்டு உட்காரும் தெம்பு அவளை விட்டுப் போய் எட்டு மாதமாகிறது. முதலில் முடிச்சை அவிழ்க்க வேண்டும். அவளை இறக்கி மைல்கல் மேல் உட்கார வைக்க வேண்டும். அதற்கப்புறம்தான் வண்டி.

மணி ஐந்தே முக்கால். ஏழு மணிக்கு நாமக்கல் ஆஸ்பத்திரியில் அவளுக்கு டயாலிசிஸ். செவ்வாய், வெள்ளி என்று வாரத்தில் இரண்டு நாள். ஏழேகால் தாண்டினால் படுக்கை அடுத்த ஆளுக்குப் போய்விடும். அதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. வெளியே பெஞ்சில் வீங்கிய கால்களோடு எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள். போக வேண்டியது முப்பத்திரண்டு கிலோமீட்டர். இந்தச் சாலையில் முதல் பஸ்ஸே ஏழு மணிக்குத்தான் வரும்.

"ஏனுங்க, ஊட்டுக்கே போயிரலாமுங்க" என்றாள் மஞ்சுளா.

"சித்த இரு சாமி. பிளக்காத்தான் இருக்கும்."

"போன தடவையும் பிளக்குன்னுதான் சொன்னீங்க."

"போன தடவ பிளக்கு இல்ல. இந்தத் தடவ பிளக்கு."

இந்தத் தடவையும் பிளக் இல்லை. கார்பரேட்டருக்கு அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி, வடிந்ததை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். பெட்ரோல் என்றால் சில்லென்று பட்டு ஆவியாகிவிடும். இது முத்து முத்தாக நின்றது. தண்ணீர். ஐந்து வாரத்தில் இது மூன்றாவது தடவை. மூன்று தடவையும் இதே புளியமரம்.

வடித்து, துடைத்து, உதைத்து, மறுபடி வடித்து வண்டி உயிர் பெற்றபோது மணி ஏழேகால். ஏழு மணி பஸ்ஸும் போயிருந்தது. சரவணமுத்து மனைவியைத் தூக்கி உட்கார வைத்து, துண்டைக் கட்டி, ஜேடர்பாளையத்துக்கே வண்டியைத் திருப்பினார்.

பதின்மூன்று வருடமாக அவரிடம் இருக்கும் வண்டி அது. நூறு சிசி. புதிதில் லிட்டருக்கு எழுபத்திரண்டு கொடுத்தது; இன்றைக்கும் அறுபதுக்குக் குறையாது. நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணை ஒன்றில் சூப்பர்வைசர் வேலை அவருக்கு. தினமும் போக வர அறுபது கிலோமீட்டர், மழையானாலும் வெயிலானாலும். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்றிவிடுவார். ஒரு நாள் தள்ளினால் அவருக்குத் தூக்கம் வராது. செயின் செட் ஐந்து தடவை, கிளட்ச் பிளேட் மூன்று தடவை மாற்றியாயிற்று. ஒரு தடவை என்ஜினையே பிரித்துச் சிலிண்டரைக் கடைந்து ரீபோர் போட்டாயிற்று. இத்தனைக்கும் அவருக்கு வாசலில் துணை மஞ்சுளாதான். ஸ்பானர் எடுத்துக் கொடுப்பாள், டார்ச் பிடிப்பாள். தூரத்தில் வண்டி வரும்போதே 'என்ஜினுல டேப்பட் சத்தம் கேக்குதுங்க' என்று சொல்லுமளவுக்கு அவளுக்கும் அது பழகியிருந்தது.

கிலோமீட்டர் காட்டும் எண்கள் தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதைத் தொட்ட அன்று அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பரமத்தி ரோட்டில் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினார். எல்லாம் ஒன்றாகப் புரண்டு பூஜ்ஜியமானதும் ஓரங்கட்டிக் காட்டினார். "பாத்தீங்களா, பண்ணைக்குப் போயிப் போயி வண்டியும் அஞ்சு முட்ட போட்டுருச்சு" என்று சிரித்தாள். அப்போது அவள் கால் வீங்கத் தொடங்கவில்லை.

ஒரு வருடம் காவிரியில் வெள்ளம் வந்து வாசலில் நின்ற வண்டி சீட் வரை முழுகியது. டேங்கைக் கழற்றிக் கவிழ்த்து ஒரு வாரம் காய வைத்தார். "இதுக்கு ஒரு சொட்டுத் தண்ணி ஆகாது புள்ள" என்று அன்றைக்கு அவளிடம் சொன்னார். பிறகு அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய், ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்று டாக்டர் சொன்னபோது, அதையே வேடிக்கையாக்கினார். "வண்டிக்கும் உனக்கும் இப்ப ஒரே வைத்தியம்." அவளும் சிரித்து வைத்தாள். தினமும் காலையில் ஒரு பாட்டிலில் கோடு போட்டு அவரே அளந்து ஊற்றி வைப்பார். இரவுக்குள் பாட்டில் காலியாகிவிடும்.

ஆறு மாதத்துக்கு முன்பு ஒரு நாள் ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன கையை மடியில் வைத்துக்கொண்டு, "போதுமுங்க. இத்தோட உட்டுருங்க. நீங்களும் ஒழுங்கா வேலைக்குப் போவீங்க" என்றாள். அவருடைய சிறுநீரகத்தை எடுத்து அவளுக்கு வைக்க முடியாது, அவருக்குச் சர்க்கரை நோய். கொடுக்க வேறு ஆளில்லை. இனி எத்தனை வருடமானாலும் செவ்வாயும் வெள்ளியும்தான். சரவணமுத்து வெளியே போய் வண்டிக்குப் புதுச் செயின் மாட்டினார். பழைய செயின் நன்றாகத்தான் இருந்தது. அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வீட்டில் அவளைப் படுக்க வைத்துவிட்டு நேராகப் பெட்ரோல் பங்குக்குப் போனார்.

"தண்ணி கலந்து விக்கறீங்களா? ஒரு உசுரு போகுது இங்க" என்றார்.

பங்கு மேனேஜர் பதிலுக்குச் சத்தம் போடவில்லை. நீளமான பித்தளைக் கம்பியைக் கொண்டுவரச் சொல்லி, அதன் நுனியில் ஒரு பசையைத் தடவி, தரைக்கடியில் இருக்கும் தொட்டிக்குள் இறக்கினார். "தண்ணி இருந்தா இந்தப் பச நெறம் மாறீருமுங்க. நீங்களே பாருங்க." கம்பி மேலே வந்தது. நிறம் மாறவில்லை. வரிசையில் நின்ற ஒருவன், "உங்க வண்டிக்கு வயசாயிருச்சுங்ணா, வேர்க்குது போல" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

மெக்கானிக் பாலசுந்தரத்திடம் போனார். இந்த வண்டியைப் புதிதிலிருந்து தொட்டவன் சரவணமுத்துவுக்கு அடுத்தபடியாக அவன் ஒருவன்தான். டேங்கில் இருந்ததை கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெயிலில் வைத்தான். கால் மணி நேரத்தில் மேலே பெட்ரோல், அடியில் நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர்.

"இது மூடியில கசிஞ்ச தண்ணி இல்லீங்ணா. கசிஞ்சா இவ்வளவு வராது."

"பின்ன?"

"எப்பவும் எங்க நிக்குது?"

"அதே புளியமரந்தான்."

"உங்க ஊட்டுல இருந்து ரெண்டு கிலோமீட்டர். கார்பரேட்டருக்குள்ள நல்ல பெட்ரோல் கொஞ்சம் இருக்குமில்லீங்களா, அது அங்க வரைக்கும் இழுத்துட்டு வரும். அது தீந்ததும் டேங்குத் தண்ணி எறங்கும், வண்டி நின்னுரும். அப்படீன்னா..." பாலசுந்தரம் துணியில் கை துடைத்தான். "நீங்க கெளம்பறதுக்கு முன்னாடி, உங்க வாசல்லயே யாரோ ஊத்தறாங்க."

சரவணமுத்துவுக்கு உடனே பக்கத்து வீட்டுச் சின்னண்ணன் முகம் வந்தது. வேலித் தகராறில் போன தை மாதம் கையை ஓங்கிக்கொண்டு வந்தவன்.

"டேங்கு மூடி தெறக்கற சாவிய எங்க வெப்பீங்க?"

"வண்டியிலயேதான் கெடக்கும். இத எவன்டா தூக்கீட்டுப் போகப்போறான்?"

"இனிமே இடுப்புல கட்டிக்கங்க. அப்பறம் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. டேங்குக்குள்ள ஏகத்துக்குத் துருப் புடிச்சிருச்சு. இன்னும் ரெண்டு தடவ தண்ணி பட்டா அரிச்சு ஓட்டையே உழுந்துரும். இந்த மாடலுக்குப் புது டேங்கு இப்ப வாரதில்லீங்ணா."

அன்றைக்கே சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டார். வேலி ஓரம் போய் நின்று, சின்னண்ணன் காதில் விழும்படி, "பொம்பள உசுரோட வெளையாடறவன் நல்லா இருக்க மாட்டான்" என்றும் சொல்லிவிட்டு வந்தார். சின்னண்ணன் ஒன்றும் புரியாமல் வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தான். மஞ்சுளா உள்ளேயிருந்து, "எதுக்குங்க அவரப் பேசறீங்க? பாவம், அவரு என்ன பண்ணுனாரு" என்றாள்.

வெள்ளிக்கிழமை வண்டி நிற்கவில்லை. புளியமரத்தைத் தாண்டும்போது சரவணமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டார். தாண்டிவிட்டது. டயாலிசிஸ் வார்டில் நர்ஸ் மெர்லின் மஞ்சுளாவை எடை மெஷினில் ஏற்றி நோட்டைப் பார்த்தாள்.

"செவ்வாய்க்கிழமை வரலன்னதும் பயந்துட்டேன். ஆனா எடை அவ்வளவா ஏறல. போன மாசமும் ரெண்டு தடவை இப்படித்தான். தண்ணிய நல்லாக் கட்டுப்படுத்தறீங்க அக்கா."

"நாந்தானுங்க அளந்து குடுக்கறேன்" என்றார் சரவணமுத்து, பெருமையாக.

"அதுக்காகத் தவறாதீங்க அண்ணா. இன்னொரு தடவை விட்டா நெஞ்சுல தண்ணி கோத்துக்கும். அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"இனிமே தவறாதுங்க" என்று இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த செவ்வாயும் வண்டி நிற்கவில்லை. ஐந்தரைக்குக் கிளம்பி ஆறே முக்காலுக்கே ஆஸ்பத்திரி வாசலில் இருந்தார்கள். ஆனால் எடை மெஷினைப் பார்த்த மெர்லின் முகம் சுருங்கியது. மஞ்சுளாவை இறக்கி மறுபடி ஏற்றினாள்.

"என்னக்கா இது? நாலே நாள்ல மூணு கிலோ ஏறியிருக்கு. ஒரு தடவைகூட விடாம வந்தும் இப்படியா? தண்ணி அதிகமாக் குடிச்சீங்களா?"

மஞ்சுளா தலையை அசைத்தாள். ஆமாம் என்றா, இல்லை என்றா தெரியவில்லை.

"ஒரு சொட்டுக்கூட அதிகமில்லீங்க, கோடு போட்ட பாட்டிலு" என்றார் சரவணமுத்து. மெர்லின் நம்பாத கண்ணோடு அவரைப் பார்த்துவிட்டு டயாலிசிஸ் மெஷின் பக்கம் திரும்பினாள்.

திரும்பி வரும்போது பன்னிரண்டரை. துண்டு கட்டியிருந்தது. டயாலிசிஸ் முடிந்த நாளில் மஞ்சுளா எப்போதும் அவர் முதுகில் கன்னத்தைச் சாய்த்துக்கொள்வாள். காய்ந்த துணி போட்டதுபோல் எடையே இருக்காது. பரமத்தி வேலூர் தாண்டி, வெற்றிலைக் கொடிக்கால்கள் தாண்டி, வாய்க்கால் ரோட்டில் திரும்பினார். என்ஜின் சத்தம் சுத்தமாக இருந்தது. காது கொடுத்துக் கேட்டார். ஒரு குறையும் இல்லை. பதின்மூன்று வருடத்தில் அந்தச் சத்தம் அவரிடம் எதையும் மறைத்ததில்லை. மெர்லின் சொன்ன மூன்று கிலோதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

புளியமரம் வந்தது. வேகத்தைக் குறைத்தார்.

"மஞ்சு."

"ம்."

"நான் அளந்து வெக்கறது முக்கா லிட்டர்தான். போன மாசமும் அதுதான், இந்த வாரமும் அதுதான். வண்டி ஓடாத வாரத்துல எட ஏறாம, ஓடுன வாரத்துல எப்படி ஏறும்? கோட்ட மீறி ஊத்தீட்டனா நானு?"

முதுகிலிருந்து கன்னம் விலகியது. பிறகு அவள் பேசினாள், யாரோ வழி கேட்டால் சொல்வதுபோல.

"அளவெல்லாம் அதேதானுங்க, சாவி உங்க இடுப்புல இருந்துச்சு, அதனால இந்தத் தடவ முழுசும் நானே குடிச்சேன்."