இரைச்சலுக்குக் கிடைத்த மரியாதை

வாஷிங் மெஷினைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது என்று ஜோஸ்பின் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "உனக்கு நரம்புத் தளர்ச்சி" என்று கணவர் வால்டர் ஒவ்வொரு தடவையும் பேச்சை முடித்துவிடுவார்.

புதன்கிழமை அவருடைய எலெக்ட்ரிக் கிடாரின் ஒலிபெருக்கியான ஆம்ப் 'ம்ம்ம்' என்று இரைய ஆரம்பித்தது. கிடார் கம்பியில் கை வைத்தால் அடங்கியது, எடுத்தால் மறுபடி இரைந்தது. ஞாயிறு சர்ச்சில் வாசிக்க வேண்டியவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையிலேயே ஃபாத்திமா நகரிலிருந்து ஹிந்திக்கார எலெக்ட்ரீஷியன் வந்துவிட்டார்.

அவர் மெயினை அணைத்து, போர்டைத் திறந்து, கழன்று தொங்கிய பச்சை வயரைக் காட்டினார். "பூரே கர் மே அர்த்திங் நஹி ஹை, சாப்."

வீடு முழுக்கவே எர்த் இல்லையாம். வயரை மாட்டித் திருகியதும் ஆம்ப் வாயை மூடிக்கொண்டது. வால்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஜோஸ்பின் போய் மெஷினை ஒரு விரலால் தொட்டாள். ஒன்றுமில்லை. உள்ளங்கையையே வைத்து அழுத்தினாள். அப்பாடா என்றிருந்தது.

"நரம்பு சரியாயிடுச்சுங்க," என்றாள். "இனிமே எனக்கு என்ன வந்தாலும் கிடார்கிட்ட சொல்லி அனுப்பறேன்."