தலை அசையக் கூடாது

வலது கை மட்டும் மடங்க மறுத்தது. ரோஸி தன் புருஷனின் விரல்களை ஒவ்வொன்றாக நீவி, ஜெபமாலையைச் சுற்றப் பார்த்தாள். செம்பூர் கிளப்பில் கோல்ஃப் ஆடுகிறவர்களின் பையைச் சுமந்தே காய்த்துப்போன கை. நேற்று ஆஸ்பத்திரியில் இதைப் பிடித்தபோது உள்ளங்கையில் ஏதோ கிரீம் வாசனை அடித்தது. இன்னாசிமுத்து தேங்காய் எண்ணெயைத் தவிர வேறெதையும் தொட்டவனில்லை. மண்டை உடைந்து கிடந்தவனிடம் அதையெல்லாம் கேட்க முடியுமா? மத்தியானத்துக்குள் உயிர் போய்விட்டது.

போனவன் மேல் பழி வேறு. கிளப்பின் பெரிய மனுஷர் பரேக் சாப் பந்தை அடிக்கும்போது இவன் குடித்துவிட்டுத் தள்ளாடி முன்னால் வந்து விழுந்தானாம். சொன்னது பரேக் சாப். அப்புறம் மறுபேச்சு ஏது? வரிசை வீடுகளாக இருந்த அந்தச் சாலில் அத்தனை பேரும் உச்சுக்கொட்டிக்கொண்டே நம்பினார்கள்.

"அண்ணன் குடிய விட்டாச்சுன்னுல்லா நெனச்சோம்," என்றாள் பக்கத்து வீட்டு மாரிசெல்வி.

"விட்டுட்டுத்தான் இருந்தாவ."

மாரிசெல்வி தலையை ஆட்டினாள். நம்புகிற ஆட்டல் இல்லை அது. குடிகாரன் என்ற பேரோடுதான் இவனைக் குழிக்குள் இறக்க வேண்டும்.

வெளியே நல்ல மழை. பரேக் சாப் மாலையோடு வந்தார். சவப்பெட்டிக்குள் பார்க்காமலே மாலையை வைத்துவிட்டு, ஈரக் குடையை மடியில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் குனிந்தபோது அந்த வாசனை வந்தது. அதே கிரீம்தான். தலையில் பளபளவென்று படிந்திருந்தது.

ரோஸியின் கை அப்படியே நின்றது.

இந்த அறையில் எத்தனை சாயங்காலம்! "தலையப் பிடிச்சுக்கோ ரோஸி," என்பான் இன்னாசிமுத்து. அவள் எதிரே நின்று கையை நீட்டி அவன் உச்சந்தலையை அழுத்திப் பிடிப்பாள். அவன் பந்தடிக்கிற மாதிரி வெறுங்கையைச் சேர்த்துக்கொண்டு தோளைத் திருப்புவான். கோல் போகிற பாதை சுவரில் சாய்த்து வைத்த தாம்பாளம் மாதிரியாம். அதன் விளிம்பை விட்டு வெளியே வரக் கூடாதாம்.

"தல அசையப்பிடாது. தோளு முழுசாத் திரும்பணும். தோளு திரும்பாம கையால வீசுனா கோலு வெளிய பாஞ்சிரும். எதுத்தாப்புல நிக்கிறவ மண்டை போச்சு. அதான் நீ பிடிக்கும்போது நான் கோலத் தொடுறதில்ல."

அவன் தள்ளாடி விழவில்லை. சாப் தன் தலையைப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார். கோலையும் கையில் எடுத்து வீசியிருக்கிறார்.

ரோஸி வாசல் பக்கம் திரும்பினாள். அவனோடு பை சுமக்கும் தளவாய் அங்கே நின்றிருந்தான்.

"தளவாய், நீயும் அங்கதான இருந்த? சாப் தலைய இவியதான பிடிச்சிருந்தாவ?"

தளவாய் தரையைப் பார்த்தான். அவனுக்கும் நாளைக்குக் கிளப்பில் பை தூக்க வேண்டும்.

ரோஸி எழுந்தாள். சாப்புக்கு எதிரே போய் நின்று, வலது கையை நீட்டி, அவர் உச்சந்தலையை அழுத்திப் பிடித்தாள். அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

"மாரோ சாப்," என்றாள். "அடிங்க. இப்ப அடிங்க."

சாப்பின் மடியில் குடை நடுங்கியது. தலை மட்டும் அசையவே இல்லை. இன்னாசிமுத்து பார்த்திருந்தால் மெச்சியிருப்பான்.

"அம்மா! பாகலா நீ? பைத்தியம் மாதிரி பண்ணாத, விடு!" மகன் ஸ்டெர்லின் ஓடிவந்தான். கிளப் ஆபீஸில் அவனுக்கு வேலை போட்டுத் தருவதாகச் சாப் காலையில்தான் போனில் சொல்லியிருந்தார். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான்.

"ஒங்கப்பா குடிக்கலடா."

"தெரியும்மா," என்றான் மெதுவாக, அவள் முகத்தைப் பார்க்காமல். பிறகு சத்தமாக, "சாரி சாப். அம்மாவுக்கு மனசு சரியில்ல."

சாப் அவசரமாக எழுந்தார். ஸ்டெர்லின் குடையை வாங்கி விரித்துக்கொண்டு கூடவே போனான்.

ரோஸி கையைத் துடைக்கவில்லை. வாசலுக்கு வந்து பார்த்தாள். கார் நின்ற இடம்வரை சேறு. மகன் முழுக்க நனைந்துகொண்டு, வலது கையை நீட்டி, சாப்பின் தலைக்கு மேலே குடையைப் பிடித்தபடி நடந்தான். குடை கொஞ்சமும் அசையவில்லை.